தளர்வும் நெகிழ்வும்

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்திய பேச்சின் எழுத்துவடிவம்)



கல்முனைப் பட்டினத்தில் ஐம்பது வருடங்களுக்கு மேலாக எனக்கு உடுப்புத் தைத்துத் தருகிற கடை ஒன்று இருக்கிறது. தைத்துத் தந்த பெரியவர் மௌத்தாகிவிட்டார். இப்போது மகன் நடத்துகிறார். தகப்பனார் அளவு எழுதிவைத்த கொப்பிகளை அந்த மகன் எறிந்துவிடவில்லை. சென்ற மாதம் ஒரு களிசான் தைக்கக் கொடுக்கப் போனபோது, பழைய கொப்பி ஒன்றைத் தூசு தட்டி எடுத்து, என் பெயரைத் தேடிக் காட்டினார். வருடம் 1969. இடுப்பு 28. கால் வாய் 14. அதன் கீழே "இறுக்கமாக" என்று ஒரு சொல், அந்தச் சொல்லின் கீழே ஒரு கோடு. சொல்லை எழுதியவர் அவர். கோடு போட வைத்தவன் நான். "அது மறந்துபோகும், கோடு போடுங்க காக்கா" என்று நின்று போடுவித்தது நன்றாக நினைவிருக்கிறது.

மகன் அளவு நாடாவை என் இடுப்பைச் சுற்றிப் பிடித்தார். 38. எழுதிவிட்டு, குரலைத் தாழ்த்தி, "சேர், ஒரு ரெண்டு அங்குலம் கூட்டி விடட்டா? இருந்தெழும்ப லேசா இருக்கும்" என்றார். விடுங்கள் என்றேன். அவர் கோடு எதுவும் போடவில்லை. இந்த வயதில் யாரும் மறக்கமாட்டார்கள் போலும்.

வீடு வரும் வழியெல்லாம் என்னை அரித்தது அந்தக் குரல் தாழ்ந்த விதம்தான். இறுக்கமாக உடுக்க விரும்பியதைப் பலத்த குரலில் சொன்ன கடையில், தொளதொளவென்று உடுக்க விரும்புவதை ஏன் இரகசியமாகப் பேச வேண்டும்?

குற்றத்தில் ஒரு பங்கு நமது மொழிக்கும் இருக்கிறது என்று நினைக்கிறேன். 'தளர்தல்' என்று ஒரு சொல் வைத்திருக்கிறோம். கட்டு அவிழ்வதும் தளர்தல், உடம்பு ஓய்வதும் தளர்தல். தளர்ந்த முடிச்சு என்கிறோம். தளர்ந்த வயது என்கிறோம். ஆகவே ஒருவர் தளர்வாக உடுத்தால், அவர் தளர்ந்துபோனார் என்று நம் காது தானாகவே கேட்டுக்கொள்கிறது. இறுக்கத்துக்கும் இப்படி ஒரு மறுபக்கம் உண்டு. "அவர் சரியான இறுக்கம்" என்றால் சிரிக்காத மனிதர் என்று அர்த்தம். நான் ஆசிரியத் தொழில் பார்த்த காலத்தில் மாணவர் என்னை அப்படித்தான் சொன்னார்கள். அவர்கள் என் களிசானைச் சொல்லவில்லை என்பது பிறகுதான் விளங்கியது.

பழைய இலக்கியத்தில் இன்னொரு சொல் இருக்கிறது: நெகிழ்தல். அகப்பாடல்களில் தலைவனைப் பிரிந்த தலைவியின் தோள் மெலிய, வளை நெகிழும், ஆடையும் நெகிழும். உடம்புக்கும் உடுத்ததற்கும் இடையில் இடைவெளி விழுவதைப் புலவர்கள் அவ்வளவு கூர்மையாகப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் அது இளம்பெண்ணுக்கு, அதுவும் காதலில். முதுமைக்கு வரும்போது அவர்கள் பார்வை உடுப்பின் மேல் விழவில்லை. புறநானூற்றில் தொடித்தலை விழுத்தண்டினார் என்ற புலவர் ஒருவர் இருக்கிறார். கிழவர் ஊன்றும் கோலைப் பாடியதனாலேயே அந்தப் பெயர் பெற்றவர். இருமலும், நடுக்கமும், சுருங்கிப்போன பேச்சும், சிறுவயதில் மடுவில் குதித்த நினைவும் அந்தப் பாட்டில் வருகின்றன. அந்தக் கிழவர் என்ன உடுத்திருந்தார் என்பது வரவில்லை. நமது சிறுகதைகளிலும் முதுமை நரையோடு வரும், மூக்குக் கண்ணாடியோடு வரும். இடுப்புப் பட்டியில் புதிதாக ஒரு துளை குத்திக்கொண்டு வந்ததாக நான் படித்ததில்லை. ஆணியைச் சுடவைத்து நாமே அந்தத் துளையைக் குத்திக்கொள்ளும் இரவு, ஒரு கதைக்குப் போதுமான இரவுதான்.

என் வாலிபத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அறுபதுகளின் கடைசியில் எங்கள் பக்கத்து இளைஞர்களுக்குக் களிசான் என்றால் குழாய்தான். குதிக்காலில் பொலித்தீன் பையைச் சுற்றிக்கொண்டு காலை நுழைக்கிற கலை எங்களுக்குத் தெரியும். பையை வழுக்கவிட்டால் களிசான் வழுக்கும். பிறகு பையை மெதுவாக உருவி எடுக்க வேண்டும். பிறகு பெல்பொட்டம் வந்தது. அதைத் தளர்ந்த உடுப்பு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முழங்காலுக்குக் கீழேதான் அதன் தாராளம். மேலே பழைய சிறைதான். 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்த காலத்தில் நல்ல துணி கிடைப்பது அருமை. கிடைத்த துணியில் பெல்பொட்டம் தைப்பதா, தம்பிக்கும் சேர்த்துச் சாதாரணமாக இரண்டு தைப்பதா என்று வீட்டில் சண்டை நடக்கும். தம்பி தோற்பான்.

அந்த உடுப்பு சுகமாகவா இருந்தது என்று கேட்டால், இல்லை. சைக்கிளில் ஏற முடியாது. வயலுக்குப் போக முடியாது. ஜும்ஆவுக்குப் போனால் ருகூஉவில் தையல் முனகும். ஸுஜூதில் மனம் அல்லாஹ்விடம் இருக்காது, பின்வரிசையில் இருப்பவரிடம் இருக்கும். ஆனாலும் விரும்பி அணிந்தோம். பொய் சொல்லக்கூடாது, அந்த இறுக்கத்தில் ஒரு சந்தோஷம் இருந்தது. உடம்பின் எல்லை எதுவென்று ஒவ்வொரு அடியிலும் தெரிந்தது. பார்க்கிறவர்கள் பார்க்கிறார்கள் என்பதும் தெரிந்தது. வாலிபத்தின் உடுப்பு பிறர் கண்ணுக்காகத் தைக்கப்படுவது. அதை இன்றைய பிள்ளைகளிடம் பழிக்க நான் வரவில்லை. நான் கோடு போடுவித்தவன்.

இத்தனைக்கும் அந்த நாட்களிலும் மாலை ஐந்து மணிக்கு வீடு வந்ததும் களிசான் கொடிக்குப் போய்விடும். சாரம் இடுப்புக்கு வந்துவிடும். எங்கள் கரையில் பிறந்த ஆண்பிள்ளைக்குச் சாரம் எப்போது முதலில் வருகிறது தெரியுமா? சுன்னத்து வைத்த அன்று. ஒஸ்தா மாமா வேலையை முடித்துக்கொண்டு போனபின், புண்ணில் படாமல் முன்பக்கத்தைக் கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வீட்டு மாப்பிள்ளை மாதிரிக் கட்டிலில் இருப்போம். முட்டையும் பணமும் வரும். அதுவரை கட்டைக் காற்சட்டையோடு ஓடித்திரிந்த உடம்புக்கு முதன்முதலாகத் தளர்வான உடுப்பு கிடைத்தது வலியின்போது. அறுபத்தெட்டாவது வயதில் எனக்குக் குடலிறக்கத்துக்குச் சத்திரசிகிச்சை செய்தார்கள். வெளியே வந்தபோது இடுப்பில் சாரம்; முன்பக்கத்தைத் தூக்கிப் பிடித்த அதே கை. பார்க்க வந்த என் மூத்த ராத்தாவுக்கு எண்பது வயது. என்னைக் கண்டதும் சிரிப்பை அடக்கமுடியாமல், "திரும்பவும் சுன்னத்தா மனே?" என்றா.

சாரத்தைப் பற்றிப் பேசினால் மருதமுனையைச் சொல்லாமல் போகமுடியாது. கல்முனையிலிருந்து மட்டக்களப்புப் பாதையில் பாண்டிருப்பைத் தாண்டினால் வருகிற ஊர். கைத்தறிக்குப் பெயர்போனது. புலவர்மணி ஆ. மு. ஷரிபுத்தீன் பிறந்த ஊரும் அதுதான். நூலிலும் நூற்பதிலும் கெட்டிக்காரர்கள் என்று எங்கள் ஊரில் சிலேடையாகச் சொல்வதுண்டு. என் சிறுவயதில் அந்த ஒழுங்கைகளுக்குள் போனால் வீட்டுக்கு வீடு தறிச்சத்தம் கேட்கும். 1977க்குப் பிறகு இறக்குமதித் துணி வெள்ளமாக வந்து அந்தச் சத்தத்தைக் குறைத்தது. 2004 டிசம்பர் 26ஆந் திகதி கடல் வந்து கரையோரத்து வீடுகளோடு தறிகளையும் கொண்டுபோனது. என்றாலும் தொழில் அற்றுப்போகவில்லை.

அங்கே ஒரு நெசவாளரிடம் ஒருமுறை கேட்டேன்: "காக்கா, நீங்க சாரம் நெய்யக்குள்ள எந்த இடுப்ப நினைச்சி நெய்யிற?" அவர் நாடாவை எறிவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "இடுப்பா? ரெண்டு யார் நெய்யிறம். இடுப்பு அவங்கட பாடு" என்றார்.

இந்தப் பதிலை நான் வெகுநாள் யோசித்தேன். இரண்டு யார் என்றால் 72 அங்குலம். என் 28 அங்குல இடுப்புக்கும் அது போதும், 38க்கும் போதும். வித்தியாசமெல்லாம் முன்னால் விழுகிற மடிப்பில்தான். முழக் கணக்கில் பார்த்தால், முழத்துக்கு 18 அங்குலமாக, சரியாக நாலு முழம். ஒரு மனிதனுக்கு வேண்டிய துணி நாலு முழம் என்று நல்வழியில் ஔவையார் கணக்குப் போட்டிருப்பது உங்களுக்கு ஞாபகம் வரும். அவருக்கு வெகுகாலம் முன்னரே நக்கீரனார் புறநானூற்றில், உலகாளும் அரசனுக்கும் இரவும் பகலும் உறங்காத வேட்டுவனுக்கும் உடுப்பவை இரண்டுதான் என்று பாடிவிட்டார். இந்த இரு புலவர்களும் நீளத்தையும் எண்ணிக்கையையும் சொன்னார்களே தவிர, இடுப்பளவைக் கேட்கவில்லை. அளவு நாடா நமது வாழ்வுக்குள் வந்தது வெட்டித் தைத்த உடுப்போடுதான். அது வந்த பிறகுதான் 'எனக்கு இது சேராது' என்ற வாக்கியம் வந்தது. சாரம் சேராமற்போன மனிதன் இல்லை.

நல்ல சாரத்தைப் பளையகாட் என்கிறோமே, அது பழவேற்காடு என்ற ஊர்ப்பெயர். சென்னைக்கு வடக்கே, 17ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் கோட்டை கட்டியிருந்து கட்டம் போட்ட துணிகளைக் கப்பலேற்றிய துறைமுகம். மலாய் நாட்டார் இன்றும் தங்கள் கைலியைப் பெலிக்கட் என்றுதான் சொல்கிறார்கள். வங்காள விரிகுடாவின் எல்லாக் கரைகளிலும் ஆண்கள் மாலையானதும் ஒரே மாதிரியாகத் தளர்ந்து அமர்ந்திருக்கிறார்கள் என்று நினைக்க எனக்கு ஓர் ஆறுதல்.

நாற்பத்தைந்து வயதளவில் எனக்கு வலது தொடையின் வெளிப்பக்கம் விறைக்கத் தொடங்கியது. கிள்ளினால் உணர்வில்லை, சிலவேளை எரியும். பாரிசவாதத்தின் ஆரம்பம் என்று முடிவுகட்டி, மனைவியிடம் கடன் விவரமெல்லாம் சொல்லி வைத்தேன். வைத்தியர் படுக்கவைத்துப் பார்த்தார். பிறகு என் இடுப்புப் பட்டியைப் பார்த்தார். தொடையின் வெளித்தோலுக்கு உணர்வு கொடுக்கும் நரம்பு இடுப்பெலும்பின் முன்முனைக்குப் பக்கத்தால் இறங்குகிறது. வயிறு பெருத்தவர்கள் இறுக்கமாகப் பட்டி கட்டினால் அது நசியும் என்றார். "மருந்து வேணாம் சேர். பெரிய களிசான் போடுங்க." இதைக் கேட்க நான் எவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க வேண்டும்! படவில்லை. பாரிசவாதம் இல்லை என்ற ஆறுதலைவிட, 34 போதாது, 36 வேண்டும் என்ற அவமானம் பெரிதாகத் தெரிந்தது. மேலும் மூன்று வருடம் விறைத்த தொடையோடு திரிந்தேன். மனித மூடத்தனத்துக்கு ஓர் அளவுநாடா இருந்தால் அதில் என் அளவையும் எழுதலாம்.

பிறகு சீனி வியாதி வந்தது. காலுறையின் இறப்பர் கணுக்காலில் பதித்த வளையம் மாலைவரை மாறாது. காலில் சிறு காயமும் ஆபத்து என்றார்கள். இறுக்கமான சப்பாத்தும் போனது. இப்படி ஒவ்வொன்றாக, என் விருப்பம் மாறிற்றா, உடம்பு மாற்றிற்றா என்று பிரித்துச் சொல்ல முடியாமல், நான் தளர்ந்த உடுப்புக்கு வந்து சேர்ந்தேன். வந்து சேர்ந்தபின் ஒன்றைக் கண்டேன்: விருப்பம் என்று நான் நினைத்திருந்தது, பெரும்பாலும் சகிப்பு.

இவ்வளவும் ஆணின் கதை. பெண்ணின் கதையை நான் மிகவும் பிந்தித்தான் அறிந்தேன். என் மனைவி தன் சேலைச் சட்டைகளை வீட்டில் சிங்கர் மெசினில் தானே தைப்பவர். பெண்களின் சட்டையைத் திருப்பிப் பார்த்திருக்கிறீர்களா? விலாப்பக்கத்தில் ஒன்றரை அங்குலத் துணியை உள்ளே மடித்து விட்டு, ஒன்றன்பின் ஒன்றாக மூன்று வரி தைத்திருப்பார்கள். உடம்பு பெருக்கும்போது ஒரு வரியைப் பிரித்தால் போதும். ஆண்கள் எங்களுக்கு இந்த முன்யோசனை கிடையாது. எங்கள் உடம்பு மாறாதென்று நம்பித் தைக்கிறோம். அவருடைய கலியாணச் சட்டையில் முதல்வரி மூத்த மகனுக்குப் பின் பிரிந்தது. இரண்டாவது, மகளுக்குப் பின். மூன்றாவது எப்போது பிரிந்தது என்று நான் கவனிக்கவில்லை. பிரித்த இடத்தில் ஊசித்துளைகள் வரிசையாக நிற்கின்றன. வெயிலில் பிடித்தால் தெரியும்.

எங்கள் உம்மாமார் காலத்தில் சேலை முந்தானையால் முக்காடு. 1977க்குப் பின் மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போய்வந்தவர்களோடு மெல்ல மெல்ல ஹபாயாவும் வந்தது. தொண்ணூறுகளில் பரவியது. என் மனைவி வெகுகாலம் சேலையோடுதான் இருந்தார். ஐம்பத்தெட்டு வயதில் ஒருநாள் ஹபாயா அணிந்துகொண்டு முன்வாசலுக்கு வந்தார். எனக்கு ஒரு விளக்கம் தயாராக இருந்தது: ஊரின் போக்கு, மார்க்க வகுப்பு, கத்தாரில் இருக்கும் மகள் அனுப்பியது. பத்துப் பேரோடு இதைப் பற்றி விவாதித்தும் இருக்கிறேன், ஆதரித்தும் எதிர்த்தும். அவரிடம் மட்டும் கேட்கவில்லை. வெகுநாள் கழித்துத் தற்செயலாகக் கேட்டபோது அவர் சொன்னது:

"மார்க்கம் எனக்கு முந்தியும் இருந்ததுதானே. இந்த விரலால கொசுவம் புடிக்க ஏலாது. சட்டைக் கைய மாட்டக்குள்ள தோள் உசிர் போகுது. இதுக்கு ஒருத்தரையும் கூப்பிடத் தேவல்ல."

அவருக்கு மூட்டுவாதம். கொசுவம் பிடிக்கவும் சட்டைக் கொளுக்கி பூட்டவும் இரண்டு வருடமாக மருமகளைக் கூப்பிட்டிருக்கிறார். அடுத்த அறையில் நான் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

2019 ஏப்ரல் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பின் எங்கள் பெண்களின் உடுப்பு நாட்டுப் பிரச்சினை ஆயிற்று. அந்த மாதம் 29ஆந் திகதி அவசரகால ஒழுங்குவிதியால் முகத்தை மூடுவது தடுக்கப்பட்டது. ஹபாயாவைத் தடுக்கவில்லை, ஆனால் சட்டம் தடுக்காததைப் பல வாசல்களில் மனிதர் தடுத்தார்கள். மூட்டுவாதச் சிகிச்சைக்கு வெளியூர் போக, என் மனைவி ஆறு வருடத்துக்குப் பிறகு மறுபடி சேலை உடுத்தார். மருமகள் கொசுவம் பிடித்தாள். சட்டையின் மூன்று வரியும் ஏற்கெனவே பிரிந்தாயிற்று; பிரிக்க இன்னொரு வரி இல்லை. கொளுக்கி பூட்டாமல் ஊக்கு குத்திக்கொண்டு போய்வந்தார். வழியில் அவரைக் கண்டவர்கள், "நல்ல முடிவு" என்றார்களாம். முன்பு ஹபாயாவோடு கண்டவர்களும் அதையேதான் சொன்னார்களாம்.

ஆண் தளர்வாக உடுத்தால் வயது என்கிறார்கள். பெண் உடுத்தால் கொள்கை என்கிறார்கள். அவளுக்கும் ஒரு தோளும் பத்து விரலும் உண்டென்பதைச் சேர்த்துக்கொள்ள மறந்துவிடுகிறோம். நான் மறந்தவன்.

பேரன் ஒருவன் எங்களோடு இருக்கிறான், பத்தொன்பது வயது. அவன் அணிகிற டெனிம் இழுபடும் நூல் கலந்தது. எங்கள் காலத்துப் பொலித்தீன் பை தேவையில்லை. ஆனாலும் போன ரமழானில் தராவீஹ் தொழப் போகுமுன் என் அலுமாரியைத் திறந்து, "அப்பா, உங்கட சாரம் ஒண்டு எடுக்கிறன்" என்றான். எங்கள் பக்கம் பாட்டனாரை அப்பா என்போம். இருபது றக்அத்து நின்று குனிந்து எழும்ப டெனிம் விடவில்லையாம். மருதமுனைச் சாரம், நீலக் கட்டம். அவன் இடுப்பு 28 இருக்கலாம். முன்மடிப்பு என்னுடையதைவிட நீளமாக விழுந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

உம்றாவுக்குப் போனபோது ஆண்களுக்கு இஹ்ராம் இரண்டே துண்டு, தைக்காதது. அரசன் போனாலும் அதுதான். நக்கீரனாரின் இரண்டு அப்போது என் நினைவுக்கு வந்தது. அதற்குப் பிறகு நமக்கு வரும் கபன் ஆணுக்கு மூன்று, பெண்ணுக்கு ஐந்து; அதுவும் தையல் அளவு கேட்காத துணி. இதை நான் சோகமாகச் சொல்லவில்லை. நெருங்கி வருகிற வயதில் இருக்கிறவன் கணக்குப் பார்ப்பது இயல்பு.

எஞ்சியிருப்பது ஒரு சின்ன விஷயம். ஓய்வூதியக்காரர் தாம் உயிரோடிருக்கிறோம் என்று வருடந்தோறும் அத்தாட்சிப்படுத்த வேண்டும். போன வருடம் அதற்காக ஓர் அலுவலகத்துக்குப் போனேன். ஊரின் பெயரோ கந்தோரின் பெயரோ வேண்டாம். வெளுத்த சாரம், வெள்ளைச் சேர்ட். மேசையில் இருந்த பிள்ளை நிமிர்ந்து பாராமலே, "அங்கால நில்லுங்க" என்றது. ஒன்றேகால் மணித்தியாலம் நின்றேன். பிறகு ஒரு தாள் குறைகிறதென்று மறுநாள் வரச் சொன்னார்கள். மறுநாள் களிசான் அணிந்து, சேர்ட்டை உள்ளே விட்டு, பட்டி கட்டிப் போனேன். "சேர் இருங்க" என்று கதிரை வந்தது. அதே பிள்ளைதான். அதன் மேல் எனக்குக் கோபமில்லை; நான் கற்பித்த பள்ளிக்கூடங்களில் எதிலோதான் அதுவும் படித்திருக்கும். என் சிறுபிராயத்தில் ஊரின் பெரிய மனிதர்கள் வெள்ளைச் சாரத்துக்கு மேலே கோட்டுப் போட்டு, தொப்பியும் அணிந்து எந்தக் கந்தோருக்கும் போவார்கள். அவர்களை யாரும் அங்கால நிற்கச் சொன்னதாக நான் கண்டதில்லை.

இந்த வருட அத்தாட்சிக்கு வருகிற புதன்கிழமை போகவேண்டும். தையற்கடையிலிருந்து புதுக் களிசான் வந்துவிட்டது, இரண்டங்குலம் கூட்டி விட்டது. மனைவி அதை மடித்துக் கதிரையில் வைத்திருக்கிறார். அதன் பக்கத்தில், நான் கேட்காமலே, ஒரு சாரத்தையும் இஸ்திரிக்கை போட்டு வைத்திருக்கிறார்.